வார்த்த ஷெல்லா, வளைத்த ஷெல்லா?

திருமலைக் கோயிலின் மகாத்வாரத்தைத் தாண்டியதும் கிருஷ்ணதேவராயரும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு தேவியரும் கைகூப்பி நிற்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த செம்புச் சிலைகள். தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எழுப்பியவை; உள்ளே வெற்றிடம். இன்னும் உள்ளே போனால் திருமாமணி மண்டபம் வரும். நைவேத்திய வேளையில் ஒலிக்கும் பெரிய மணிகள் அங்கே தொங்குகின்றன. வேதாந்த தேசிகரையே திருமலை மணியின் அவதாரம் என்று வைணவ மரபு கொண்டாடுகிறது. அந்த அளவு மணியைத் தகட்டில் தட்டிச் செய்ய முடியாது. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தால்தான் மணி.

உருவத்துக்குத் தகடு, நாதத்துக்கு வார்ப்பு என்று இதை வைத்து முடிவு கட்டத் தோன்றும். ஸ்நேர் டிரம் வாங்கப் போகும் பலர் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தேவாலயப் பாடகர் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், கல்லூரி பேண்டுகள் என்று டிரம் செட் வாசிக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. முதல் செட்டோடு வந்த ஸ்நேர் அலுத்துப்போய் அடுத்ததைத் தேடும்போது ‘காஸ்ட் ஷெல்’, அதாவது வார்த்த உடல், என்ற சொல் காதில் விழுகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த விலை எதற்கு, அதில் எவ்வளவு நம் காதுக்கு வந்து சேர்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ஷெல்லின் தடிமனுக்கும் உலோகக் கலவைக்கும் உரியது. வார்த்ததா, வளைத்ததா என்ற கேள்வி அவற்றுக்குப் பிறகுதான்.

ஸ்நேரின் அமைப்பு எளிது. 14 அங்குல விட்டம், ஐந்து முதல் ஆறரை அங்குல உயரம் உள்ள ஒரு வளையம். அதுதான் ஷெல். மேலே அடிக்கும் ஹெட், கீழே அதைவிட மெல்லிய ஹெட். கீழ் ஹெட்டை ஒட்டி இருபது சுருள் கம்பிகள். மேலே அடி விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ் ஹெட்டைத் தள்ளுகிறது, கம்பிகள் அதன்மேல் படபடக்கின்றன. அந்தச் ‘சரக்’ ஒலி பிறக்கிறது. ஆக, ஒலியை எழுப்புவது ஹெட்டும் கம்பியும்தான். ஷெல்லின் வேலை இரண்டு ஹெட்டையும் அசையாமல் தாங்குவது, தானும் கொஞ்சம் அதிர்ந்து அந்த ஒலிக்கு நிறம் சேர்ப்பது.

தகட்டு ஷெல் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளை, எஃகு அல்லது அலுமினியத் தகடு. 14 அங்குல வட்டத்தின் சுற்றளவு 1117 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு வெட்டி, மூன்று உருளைகளுக்கு நடுவே விட்டு வளைக்கிறார்கள். இரு முனையும் சந்திக்கும் இடத்தில் வெல்டிங் வைத்துத் தேய்த்து மழமழப்பாக்குகிறார்கள். சித்தூர்ப் பக்கம் இந்த வேலையைப் பார்க்காதவர்கள் குறைவு. மாம்பழக்கூழ் ஆலைகளுக்கான எவர்சில்வர் தொட்டிகளும் தகட்டை உருளையில் வளைத்து மூட்டுப் போட்டுச் செய்பவைதான். ஸ்நேருக்கு அதற்குமேல் இரண்டு வேலைகள் உண்டு. நடுவில் ஒரு வரிப் புடைப்பு அழுத்துவார்கள். மெல்லிய தகடு வட்டம் குலையாமல் நிற்க அது முதுகெலும்பு. மேல், கீழ் விளிம்புகளை உள்நோக்கி மடக்குவார்கள். ஹெட் உட்காருவது அந்த மடிப்பின் மேல்.

மூட்டே இல்லாத தகட்டு ஷெல்லும் உண்டு. வட்டத் தகட்டை அழுத்தி இழுத்து, சுழலும் அச்சின்மேல் உருளையால் படிய வைத்து உருவாக்குவது. பாத்திரத் தொழிலில் இதை ஸ்பின்னிங் என்கிறார்கள். அமெரிக்காவின் லட்விக் நிறுவனம் இன்று செய்யும் ‘பிளாக் பியூட்டி’ பித்தளை ஸ்நேர் இந்த வகை. அந்தப் பெயர் 1920-களிலிருந்து வழங்குகிறது. வெல்டிங் கோடு இல்லை என்ற ஒரே காரணத்தால் இதை வார்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இதுவும் மெல்லிய தகடுதான்.

வார்ப்பு ஷெல்லுக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி அருகே ராச்சகுன்னேரியில் குடிநீர்த் திட்டங்களுக்கான வார்ப்பிரும்புக் குழாய் ஆலை உள்ளது. டக்டைல் அயர்ன் என்ற அந்த வகைக் குழாயைச் செய்யும் முறை இது: வேகமாகச் சுழலும் நீண்ட அச்சுக்குள் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். சுழற்சியின் விசையில் இரும்பு அச்சின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, சீரான தடிமனுள்ள குழாயாக உறைகிறது. மூட்டு இல்லை, மடிப்பு இல்லை. டிரம் ஷெல் என்பதும் ஒரு குட்டையான குழாய்தானே. வார்ப்பு ஷெல்களில் சில இப்படிச் சுழல்முறையில் வார்த்தவை; சில மணல் அச்சில் வார்த்தவை.

ஆனால் வார்த்து எடுத்ததும் டிரம் ஆகிவிடாது. அச்சிலிருந்து வரும் வளையம் கரடுமுரடாக, வேண்டியதைவிடத் தடிமனாக இருக்கும். லேத்தில் ஏற்றி உள்ளும் புறமும் கடைந்து, வட்டம் துல்லியமாக வரும்வரை சீவ வேண்டும். ஊற்றிய உலோகத்தில் கணிசமான பங்கு சுருளாகக் கீழே விழும். உள்ளே காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் பாதி கடைந்த பிறகுதான் தெரியும். அதைத் தூக்கி உலைக்கே திருப்பிப் போட வேண்டும். கடையும் நேரம், கழிவு, வீணாகும் துண்டுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. அந்த உழைப்புக்கு அந்த விலை நியாயமானதே என்றுதான் சொல்வேன். நம் தேவைக்கு அது அவசியமா என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் கலவையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் பல சமயம் செய்முறையைத் தீர்மானிப்பதே கலவைதான். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. அது வளையும், இழுபடும், தகடாகும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயம் எட்டு விழுக்காடு வரை இருக்கும்போது அதுவும் தகடாகும். மணிக்கு வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் இருபது விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அந்த அளவில் நாதம் நீளும். ஆனால் உலோகம் முறுகிவிடும். குளிர்ந்த நிலையில் உருளைக்குள் விட்டால் விரிசல் விடும். பழுக்கக் காய்ச்சி அடித்தால் மட்டுமே அது வழிக்கு வரும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழைய வெண்கலக் கிண்ணங்களில் வெள்ளீயம் இருபது விழுக்காட்டுக்கு மேல் இருப்பதையும், அவை சூட்டில் அடித்து மெல்லிதாக்கப்பட்டவை என்பதையும் உலோகவியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. டிரம் கம்பெனிகள் அந்த வழிக்குப் போவதில்லை. மணி வெண்கலத்தில் ஷெல் வேண்டுமென்றால் வார்த்துவிடுகிறார்கள்.

ஆகவே ‘காஸ்ட் ஷெல்லின் நாதம்’ என்று சிலாகிக்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது வெண்கலத்தின் நாதம். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மெல்லிய எஃகுத் தகட்டு ஸ்நேராக இருக்கும். கலவையும் வேறு, தடிமனும் வேறு, விளிம்பும் வேறு. இத்தனை வித்தியாசத்தையும் வார்ப்பு என்ற ஒரே சொல்லின் கணக்கில் எழுதுவது சரியல்ல.

உலோக உடலுள்ள தாள வாத்தியம் நமக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருவாரூர் தியாகராஜர் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்துக்கு வெண்கல உடல். சிவனின் ஐந்து முகங்களின் பெயரில் ஐந்து வாய்கள். சித்தூர் மாவட்டத்து அம்மன் கோயில்களிலும் வட தமிழகத்திலும் ஒலிக்கும் பம்பையைப் பாருங்கள். இரட்டை முழவில் ஒன்றின் உடல் மரம், மற்றொன்றின் உடல் பித்தளை. இரண்டையும் ஒரே ஆள் மாறி மாறி அடிக்கும்போது இரண்டு குரல்கள் பேசுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் பம்பையின் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு முழவின் உடலும் பேசும் என்பதை யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது தடிமனுக்கு வருவோம். விஷயத்தின் உயிர் இங்கேதான். ஆறரை அங்குல உயரமுள்ள 14 அங்குலப் பித்தளை ஷெல் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 1.6 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியம் அரை கிலோ. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வெண்கலம் வார்த்தால் 4.8 கிலோ. எடை மூன்று மடங்கு. விறைப்பு அப்படி ஏறுவதில்லை. ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மூன்று மடங்கு தடிமன் என்றால் இருபத்தேழு மடங்கு விறைப்பு.

விறைப்பான, கனத்த ஷெல் எளிதில் அசையாது. குச்சி கொடுத்த சக்தியை ஹெட்டிடமிருந்து அது உறிஞ்சிக்கொள்ளாது. ஹெட் தன் சக்தியைத் தானே வைத்துக்கொண்டு உரக்கவும் தெளிவாகவும் ஒலிக்கிறது. பலமாக அடித்தால் இன்னும் பலமாகக் கேட்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அமுங்கிப்போகாது. 1991-இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்துக்கு டேவ் குரோல் வாசித்தது தாமா நிறுவனத்தின் பெல் பிராஸ் ஸ்நேர். வாடகைக்கு வந்த அந்த டிரம்முக்கு ‘டெர்மினேட்டர்’ என்று பட்டப்பெயரே இருந்தது. கனத்த வார்ப்பு ஷெல் என்ன செய்யும் என்று கேட்க விரும்புகிறவர்கள் அந்த ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்கலாம்.

மெல்லிய ஷெல் நேர்மாறு. அது அடியோடு சேர்ந்து தானும் நடுங்குகிறது. கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொண்டு தன் குரலைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. குச்சியை மெல்லத் தொட்டாலே பதில் வரும். விரல் நுனியில் வாசிக்கும் மெல்லிய உருட்டல்களுக்கு இது பெரிய வரம். பலம் இல்லை என்றும் சொல்ல முடியாது. லெட் செப்பெலின் குழுவின் ஜான் பானம் வாசித்தது லட்விக்கின் சூப்ராஃபோனிக் ஸ்நேர். மூட்டில்லாத மெல்லிய அலுமினிய ஷெல்லுக்கு மேலே குரோம் பூச்சு. ராக் இசையின் மிகக் கனமான டிரம் ஒலிகளுள் ஒன்று அரை கிலோ அலுமினியத்தைச் சுற்றிப் பிறந்தது. வார்ப்பு இல்லாமல் கனமான ஒலி வராது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு டிரம்மைக் காட்டினால் போதும்.

உலோகங்களைப் பற்றி ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரே தடிமன், ஒரே வடிவம் உள்ள எஃகு ஷெல்லையும் அலுமினிய ஷெல்லையும் வெறுமனே தொங்கவிட்டுத் தட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சுருதியைத் தீர்மானிப்பது உலோகத்தின் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். எஃகு எவ்வளவு விறைப்போ அவ்வளவு அடர்த்தி, அலுமினியத்தில் இரண்டும் குறைவு, விகிதம் ஒன்றுபோல் வந்துவிடுகிறது. பித்தளையிலும் வெண்கலத்திலும் அந்த விகிதம் குறைவு. அதனால் அவற்றின் ஷெல் தாழ்ந்த சுருதியில் பேசும். பித்தளை ஸ்நேரை டிரம்மர்கள் ‘வார்ம்’ என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். சுருதி ஒன்றாக இருந்தும் எஃகும் அலுமினியமும் ஒரே மாதிரி ஒலிக்காததற்குக் காரணம் எடை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனமான எஃகு சக்தியை விட்டுக்கொடுக்காமல் கூர்மையாக ஒலிக்க, அலுமினியம் சீக்கிரம் அடங்கி உலர்ந்த ஒலி தருகிறது.

விளிம்பையும் மறந்துவிடக் கூடாது. தகட்டு ஷெல்லில் விளிம்பு மடித்தது. மடிப்பு ஒரு இடத்தில் தாழ்ந்திருந்தாலும் அந்த இடத்தில் ஹெட் சரியாகச் சுருதி சேராது. மூன்று மில்லிமீட்டர் வார்ப்புச் சுவரில் விளிம்பை மரத்தில் செதுக்குவதுபோலக் கூர்மையாகக் கடைய இடமிருக்கிறது. நல்ல வார்ப்பு ஷெல் சீக்கிரம் சுருதி சேர்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதற்கு லேத் வேலையின் இந்தத் துல்லியம் முக்கியக் காரணம். மலிவான தகட்டு ஸ்நேர்களின் கெட்ட பெயரும் பெரும்பாலும் விளிம்பால் வந்தது. ஹெட்டைக் கழற்றி, ஷெல்லைச் சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒரு டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். கம்பிகள் படிவதற்காக, கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடங்களில் வேண்டுமென்றே தாழ்த்தியிருப்பார்கள், அது குறையில்லை. மேல் விளிம்பில் எங்கும் கசியக் கூடாது.

தூக்கிப் போகிறவர்களுக்கு எடை தனிக் கதை. ஊர்வல பேண்டில் தோளில் மாட்டிக்கொண்டு ஏப்ரல், மே வெயிலில் திருப்பதி வீதிகளில் நடக்கிறவருக்கு ஒவ்வொரு அரை கிலோவும் கணக்கு. அங்கே மெல்லிய அலுமினியத்துக்கு இணை இல்லை. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தகட்டு ஷெல் நசுங்கும். நல்ல தகரப் பட்டறைக்காரர் தட்டி நேராக்கிவிடுவார், மூட்டு விட்டுப்போனாலும் வெல்டிங் வைத்துவிடலாம். மணி வெண்கலம் நசுங்காது, விரிசல் விடும். விரிசல் விட்ட மணியின் ஒலியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதைப் பழையபடி கொண்டுவருவது எளிதல்ல.

வார்ப்பின் குணத்தில் கொஞ்சம் வேண்டும், செலவு கட்டாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹெட்டை ஷெல்லோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் வளையத்தை மாற்றுங்கள். பெரும்பாலான ஸ்நேர்களில் வருவது தகட்டை மடித்துச் செய்த ரிம், 2.3 மில்லிமீட்டர் தடிமன் வழக்கம். அதற்குப் பதில் அச்சில் வார்த்த ‘டை காஸ்ட்’ ரிம் மாட்டினால் ஹெட்டின் விளிம்பை அது இறுக்கமாகப் பிடிக்கும். அதிகப்படி கிணுகிணுப்பு குறையும், ரிம்மையும் ஹெட்டையும் சேர்த்து அடிக்கும் ரிம் ஷாட் கட்டையில் அடித்ததுபோலக் கனமாக விழும், சுருதி எல்லாப் பக்கமும் சமமாக நிற்கும். வாங்கும்போது உங்கள் ஸ்நேரின் லக்குகள், அதாவது ரிம்மை இறுக்கும் திருகுகள் பொருந்தும் பிடிகள், எட்டா பத்தா என்று எண்ணிவிட்டுப் போங்கள். துளைகள் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். புது ஹெட்டும் நல்ல கம்பியும் சேர்த்துப் போட்டால், பழைய ஸ்நேர் இதுதானா என்று கேட்கத் தோன்றும்.

என்னைக் கேட்டால், தேவாலயத்திலும் கல்யாண மேடையிலும் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டு ஸ்நேரே போதும், அதுவே பொருத்தமும்கூட. சின்ன மண்டபத்தில், கான்கிரீட் கூரைக்கு அடியில், மூன்று மில்லிமீட்டர் வெண்கலம் பாடுகிறவர் குரலை விழுங்கிவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் தினமும் வேலை உள்ளவர், பலமான கையால் ராக் வாசிக்கிறவர், வார்ப்புக்குப் பணம் போடலாம். போட்ட பணத்துக்கு ஒலி கிடைக்கும்.

வார்ப்பு என்று சொல்லி யாராவது பழைய ஸ்நேர் விற்க வந்தால் ஹெட்டைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். உள்ளே செங்குத்தாக ஒரு கோடு ஓடினால் அது மூட்டுப் போட்ட தகடு. கோடு இல்லாமல், நடுப் புடைப்பு உள்பக்கம் பள்ளமாகத் தெரிந்தால் ஸ்பின்னிங் செய்த தகடு. பித்தளை என்று சொன்னதில் காந்தம் ஒட்டினால் குரோம் பூசிய எஃகு. காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று நம்பிவிடவும் கூடாது. 304 எவர்சில்வரும் ஒட்டாது. தடிமனை விளிம்பில் அளக்காதீர்கள், தகடு அங்கே மடிந்திருப்பதால் ஏமாற்றும். ஒரு லக்கைக் கழற்றி, திருகு போன துளையின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே உலோகத்தின் உண்மைத் தடிமன் தெரியும். வெர்னியர் வைத்து இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால், என்ன பெயர் சொன்னாலும் வார்ப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை.